பிளஷர் வேனின் நிழல்

தகரத்தில் ரிவிட் அடிக்கும் சத்தம் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் ஆவுடையப்பனின் காதை விட்டுப் போகவில்லை. வெளியிலிருந்து ஆசாரியின் சுத்தியல் இரண்டு தட்டு, உடனே உள்ளிருந்து ஒரு சின்னக் கை விரலை மடக்கி இரண்டு தட்டு, அப்புறம் ஒரு சிரிப்பு, மறுபடியும் சுத்தியல். ரைஸ் மில் முதலாளி வீட்டுப் பழைய பிளஷர் காரை அவர் வாங்கி, பாடி கட்டும் பட்டறையில் விட்டு, பின்சீட்டைக் கழற்றி, கூரையை வால்பக்கமாக ஒன்றரை முழம் நீட்டி, ஜன்னல் கண்ணாடிகள் இருந்த இடத்தில் தகரம் வைத்து அடைத்துக்கொண்டிருந்த அன்று, ஏழு வயது மகள் குழல்வாய்மொழி இறங்க மாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு ஜன்னலை மூடினால் அவள் முகம் அடுத்த ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தது, அதை மூடினால் அதற்கடுத்ததில். கடைசி ஜன்னலும் மூடிய பிறகு உள்ளிருந்து, "எப்பா, இருட்டிட்டு," என்றாள். அவள் அழவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது.

அப்படித்தான் ஆலடிச்செவலுக்கு பிளஷர் வேன் வந்தது. முன்னாலிருந்து பார்த்தால் கோயிலுக்குப் போகிற குடும்பத்துக் கார், பின்னாலிருந்து பார்த்தால் சக்கரம் வைத்த பீரோ என்று மெக்கானிக் மரியதாஸ் சொல்லுவார். லாரிக்குக் கொள்ளாத சின்னச் சரக்கும், மாட்டுவண்டிக்குத் தாங்காத அவசரச் சரக்கும் அதில் போயின: சோடாப் பெட்டிகள், பீடி இலை மூட்டைகள், பந்தல்காரரின் நாற்காலிகள், ஒருமுறை டூரிங் டாக்கீஸின் திரை. ஆனால் அந்த வண்டிக்கென்றே வந்து சேர்ந்த வேலை வேறு. ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வேலை அது.

அந்தப் பக்கத்து வழக்கம் இப்படி. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது சீர் சாமான்கள் திறந்த லாரியில் போக வேண்டும். கட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும், பீரோவின் கண்ணாடி தெருப்பக்கம் பார்க்க வேண்டும், தவலைகள் வரிசையாக வெயிலில் மின்ன வேண்டும், குத்துவிளக்கைக் கூடப் போகிற தாய்மாமன் மடியில் வைத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டும். நேர்வழி இருந்தாலும் லாரி தேரடியைச் சுற்றித்தான் போகும், முன்னால் மேளம் போகும். அதே பெண் வாழ முடியாமல் திரும்பி வந்தால் அதே சாமான்கள் மூடின வண்டியில் வர வேண்டும், மதியம் இரண்டு மணிக்கு வர வேண்டும், கடைகள் பாதி ஷட்டரை இறக்கி ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற அந்த ஒரு மணி நேரத்துக்குள் வீடு சேர வேண்டும். லாரியில் மூட முடியாது. டெம்போ வந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பிளஷர் வேன் தெருவில் திரும்பினால் யாரோ காரில் வருகிறார்கள் என்று தூக்கத்தில் நினைத்துக்கொண்டு ஊர் புரண்டு படுக்கும்.

ஆவுடையப்பன் அந்த வேலையைக் கோயில் காரியம் மாதிரி செய்தார். தவலைக்கும் தவலைக்கும் நடுவில் சணல் சாக்கைத் திணிப்பார், ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வரக்கூடாது. யார் வீடு, என்ன காரணம் என்று கேட்க மாட்டார். முன்சீட்டு பழைய காருடையது, ஸ்பிரிங் வைத்த மெத்தை, அவரைத் தவிர இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அதில் பெண்ணின் அப்பா உட்காருவார், இல்லாவிட்டால் அண்ணன் தம்பி. பெண் பின்னால், பீரோவுக்கும் தவலைக்கும் நடுவில், தரையில், இருட்டில் உட்கார்ந்து வருவாள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. வேறு மாதிரி யாரும் கேட்டதும் இல்லை. பதினான்கு வருடத்தில் முப்பதுக்கு மேல் பெண்களை அவர் அப்படிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார், ஒருமுறைகூடத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்ததில்லை. அதை அவர் மரியாதை என்று நினைத்திருந்தார். "ஆவுடை வண்டியில ஏத்திட்டா காத்துக்குக்கூடத் தெரியாது," என்று ஊர் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிரும்.

தை மாதம் அது நடந்தது. தபால்காரர் வைத்தியலிங்கத்தின் மகள் பூரணத்தை அழைத்துக்கொண்டு வருகிறபோது ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். கூட்ஸ் வண்டி ஒன்று வழியில் நின்றுபோய், கேட் திறக்க இரண்டு மணி நேரம் ஆனது. ஊருக்குள் நுழைகிறபோது மணி நாலு. பஞ்சு மில்லின் நீள மதில் தெருவின் கிழக்குப் பக்கம் முழுக்க ஓடுகிறது. பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு இன்னும் பளிச்சென்று இருந்தது. மேற்கே சாய்ந்த வெயில் வண்டியின் மேல் விழுந்து அந்தப் பக்கம் மதிலில் நிழலாக இறங்கியபோது, முன்பாதியில் பிளஷர் காரின் நிழல் எப்போதும் போல விழுந்தது, ஆவுடையப்பன் தலையும் வைத்தியலிங்கத்தின் தலையும் விழுந்தன, பின்பாதியில் மட்டும் தகரத்தின் நிழல் விழவில்லை. தகரத்துக்கு உள்ளே இருந்தவற்றின் நிழல் விழுந்தது. நிமிர்த்தி வைத்த கட்டிலின் நாலு கால், பீரோவின் உச்சி வளைவு, அடுத்தடுத்து மூன்று தவலைகள், குத்துவிளக்கின் ஐந்து முகம், சல்லடையின் ஓட்டைகள் வழியே பொட்டுப் பொட்டாக வெளிச்சம், இவற்றுக்கு நடுவில் முழங்காலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போது அவளுடைய பின்னல் மதிலில் ஆடியது.

குழாயடியில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். யாரும் குடத்தைக் கீழே போடவில்லை.

"பூரணம் வந்துட்டா," என்றாள் ஒருத்தி.

"தவலை நாலுல்லா குடுத்தாவ? மூணுதான் வருது," என்றாள் இன்னொருத்தி.

"நல்லாப் பாரு மயினி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கும்."

"பாத்துட்டுத்தான் சொல்லுதேன். மூணுதான்."

மறுநாள் மரியதாஸ் பானட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டார். "என்ஜின் கிண்ணுன்னு இருக்கு வே, நிழலுக்கும் கார்பரேட்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல," என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். தகரத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துப் பார்த்தார்கள், உள்ளே இருந்த சாமான்களின் நிழல் இன்னும் கூர்மையாக விழுந்தது. தார்ப்பாய் போர்த்திப் பார்த்தார்கள், தார்ப்பாயும் தகரத்தோடு சேர்ந்துகொண்டு நிழல் இல்லாமல் போனது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள், எலுமிச்சம்பழம் நசுங்கியது. வருடாந்திர எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோனபோது பிரேக் பார்க்கிற இன்ஸ்பெக்டர் சுற்றிச் சுற்றி வந்து, நிழலையும் ஃபாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஃபாரத்தில் லைட்டுக்குக் கட்டம் இருக்கிறது, ஹார்னுக்கு இருக்கிறது, டயருக்கு இருக்கிறது, நிழலுக்குக் கட்டம் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஊர் அதை ஒரு விஷயமாகவே பேசவில்லை. வடக்குத் தெருக் கிணற்றில் உப்புத் தண்ணீர், மில் சங்கு மூன்று நிமிஷம் முந்தி ஊதும், பிளஷர் வேன் உள்ளே இருப்பதைக் காட்டும் என்கிற வரிசையில் அதுவும் சேர்ந்துவிட்டது. முதலில் எல்லாரும் உச்சிப் பொழுதாகப் பார்த்து வண்டியைக் கேட்டார்கள், நிழல் சக்கரத்தடியில் சுருண்டு கிடக்கும் என்பதற்காக. மேகம் போட்ட நாளென்றால் அவருக்குக் கிராக்கி அதிகம். ஃபிரிட்ஜ் வாங்கிய கூட்டுறவு வங்கி கிளார்க் ஒருவர் மட்டும் சரியாக நாலரை மணிக்கு மதிலோரமாக, மெதுவாக, இரண்டு தடவை ஓட்டச் சொன்னார்.

பூரணத்தின் தவலைதான் ஊரை மாற்றியது. மூன்றுதான் வந்தது என்று குழாயடியே பார்த்திருந்ததால், எட்டுப் பெண்கள் பஸ் ஏறிப் போய் அவள் மாமியார் வீட்டு வாசலில் நின்று, நாலாவது தவலை எங்கே என்று கேட்டு, வாங்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு, திரும்பி வருகிற பெண்ணைப் பெற்றவர்களே உச்சிப் பொழுது வேண்டாம், நாலு மணிக்கே வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வண்டி மதிலோரம் வரும்போது குழாயடியில் ஒருத்தி சத்தமாகச் சொல்லுவாள்: கட்டில் வந்துட்டு, பீரோ வந்துட்டு, அண்டா வந்துட்டு, விளக்கு வந்துட்டு. விட்டுப்போனது எது என்று ஊருக்கே தெரிந்துவிடும். கடைசியாக, "பிள்ளை வந்துட்டா," என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் தணியும். அன்று சாயங்காலமே யாராவது இட்லி மாவோ முருங்கைக்காயோ எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார்கள், என்ன ஏது என்று கேட்கத் தேவையில்லாததால் வேறு எதையாவது பேசிவிட்டு வருவார்கள். பங்குனிக்குள் பூரணம் மதிலுக்கு எதிரே மாவு மில் போட்டுவிட்டாள்.

எல்லாருக்கும் லேசானது ஆவுடையப்பனுக்குக் கனத்தது. மூடிக் கொண்டுவருவதுதான் அவர் தொழில், மூடிக் கொண்டுவருகிறவர் என்பதுதான் அவர் பெயர். மதிலில் ஒவ்வொரு தடவை நிழல் விழும்போதும் தன் சட்டையை யாரோ அவிழ்த்த மாதிரி அவருக்குக் கூசியது. சும்மா நிற்கிற காலி வண்டியைக்கூடப் புளியமரத்து நிழலுக்குள்ளேயே நிறுத்துவார்.

சித்திரை பிறந்து பத்தாம் நாள், டீக்கடை சீனிவாசகம் ஆள் அனுப்பினார், போன் வந்திருக்கிறது என்று. ஆவுடையப்பன் போய் எடுத்தார். சீனிவாசகம் கழுவிய கிளாஸ்களையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றார்.

"எப்பா, நான் மொழி பேசுதேன்."

"சொல்லு தாயி."

மொழியைச் சாத்தூருக்குக் கிழக்கே ஒரு ஊரில் கட்டிக்கொடுத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. லாரி தேரடியை இரண்டு சுற்றுச் சுற்றிப் போன கல்யாணம் அது.

"சோத்துல கை வைக்கயிலதான் அடிக்காருப்பா," என்றாள். "மத்த நேரம் ஒண்ணும் சொல்றதில்ல. தட்டுல கை வச்சாத்தான். இப்ப நாலு நாளா நான் தட்டுல கை வைக்கிறதில்ல."

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"வண்டிய எடுத்துட்டு வாங்கப்பா."

கடை வாசலில் கொடிக்கம்பம் நின்றது. அதன் நிழல் தரையில் மையால் கோடு போட்டது மாதிரி விழுந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஆடி பொறக்கட்டும் தாயி. மேக்க சாரல் பிடிச்சிரும், வெயிலே இருக்காது. புதுப் பொண்ணை ஆடிக்கு அழைச்சிட்டு வந்த மாரியும் இருக்கும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

"ஆடிக்கு எத்தனை நாளுப்பா இருக்கு?"

"மூணு மாசம் கூட இல்ல."

 பிறகு அவள், "நான் பின்னாலேயே உக்காந்துக்கிடுதேன்ப்பா. எனக்கு அந்த இருட்டு பழக்கம்தான்," என்றாள்.

முன்சீட்டு உனக்குத்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம். அது வாய்வரை வந்தது என்றுதான் பின்னாளில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அதுவும் உண்மையா என்று அவருக்கு நிச்சயமில்லை. "மாப்பிள்ளைகிட்ட நான் பேசுதேன்," என்று சொல்லி போனை வைத்தார். பேசவில்லை.

அவர் வீட்டுக்கு வந்து சொன்னதை மனைவி உலகம்மாள் பீடித்தட்டை மடியிலிருந்து இறக்காமலே கேட்டாள். அவள் கை இலையைச் சுருட்டிக்கொண்டேயிருந்தது, நூலைச் சுற்றும்போது மட்டும் அறுந்துபோயிற்று.

"உச்சிப் பொழுதுல ஊருக்குள்ள வந்தா நிழலு காலடியிலதான கெடக்கும்? போயிக் கூட்டியாங்க."

"உச்சியில இங்ஙன வரணும்னா அங்ஙன ஒம்பது மணிக்குக் கெளம்பணும். ஒம்பது மணி வெயில்ல வழி பூரா நிழல் நீட்டி விழும். வழி பூரா என்னைத் தெரியும்."

"அப்ப பஸ்ஸுல போங்க. சாமான் கெடக்கட்டும். பிள்ளையை மட்டும் கூட்டியாங்க."

"சாமானை விட்டுட்டு வந்தா நாமளே எழுதிக் குடுத்த மாரி ஆயிரும்."

"என்னன்னு எழுதிக் குடுத்த மாரி?"

அவர் எழுந்து வாசல்படிக்குப் போனார்.

"ஊரு வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் நாலு மணி வெயில்ல கொண்டாந்து இறக்குதிய. நம்ம பிள்ளைக்கு மட்டும் மேகம் வேணுமா?"

"நீ பேசாம இரு. ஆடிக்கு நான் கூட்டியாரேன்."

நான் மட்டும் போய் வருகிறேன் என்றும் உலகம்மாள் ஒருநாள் சொன்னாள். ஆம்பளை இல்லாமல் போய் நின்றால் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார்கள், அப்புறம் நான் போய்க் கேட்கிற மரியாதையும் போய்விடும் என்றார். அவளும் நின்றுவிட்டாள். நின்றதற்காக அவளும் பின்னால் எத்தனையோ நாள் தன்னையே வைதுகொண்டாள்.

டீக்கடையில் கேட்டது ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் யாரும் அவரிடம் வாய் திறக்கவில்லை. மதிலில் விழாததை நாம் பேசக்கூடாது என்று ஒரு நாகரிகம் அதற்குள் ஊருக்கு வந்திருந்தது. இத்தனை வருடம் நம் வீட்டுச் சங்கதியை மூடிக் கொண்டுவந்தவர், அவர் வீட்டுச் சங்கதியை நாம் மூடிக்கொடுப்போம் என்று நல்ல மனசோடுதான் இருந்தார்கள். அந்த நல்ல மனசை அவர் சாக்காக வைத்துக்கொண்டார். பூரணம் ஒருத்திதான் கேட்டாள். பீடி இலை மூட்டைக்கு நடுவில் இரண்டு மூட்டை கோதுமையும் அவளுக்காக ஏற்றிக்கொண்டு வந்து மில்லில் இறக்கியபோது, மாவு படிந்த முகத்தோடு எதிரே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, என்னையக் கொண்டாந்தியள்ல, அன்னைக்கு வெயிலு எப்படி இருந்துச்சு?"

"நாலு மணி வெயிலு."

"மதிலு பூரா நான் விழுந்தேன்லா?"

"ஆமா."

"நான் செத்தா போனேன்?"

அவர் மூட்டையை இறக்கிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வைகாசி வெயில் கூரையைப் பிளந்தது. தினமும் காலையில் குளத்தங்கரையில் ஏறி நின்று மேற்கே மலையைப் பார்ப்பார். மலை தன் மடிப்பெல்லாம் தெரிகிற மாதிரி துல்லியமாக நின்றது. வழக்கமாக ஆனி முதல் வாரத்தில் குற்றாலத்துப் பக்கம் சாரல் கட்டி, அந்த மேகத்தின் ஓரம் ஆலடிச்செவல் வரை நீண்டு வரும், தரையில் நிழல் என்பதே நாள்கணக்கில் இருக்காது. அந்த வருடம் ஆனி பாதி தாண்டியும் ஒரு துண்டு மேகம் இல்லை. ஆனி இருபதாம் நாள் இரண்டாவது போன் வந்தது.

"எப்பா, அங்க மேகம் போட்டிருக்கா?"

"இன்னும் இல்ல தாயி. நாளைக்கோ மறுநாளோ போட்டுரும்."

"இங்கயும் நல்ல வெயிலுப்பா," என்றாள். அதில் குற்றம் சொல்லும் குரல் இல்லை. விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிற இரண்டு சம்சாரிகள் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. "சரிப்பா, வச்சிருதேன்," என்று வைத்துவிட்டாள். சீனிவாசகம் அன்று டீக்குக் காசு வேண்டாம் என்றார். ஆவுடையப்பன் குடித்தது டீயா வெந்நீரா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆடி நாலாம் தேதி விடியும்போது மலை இல்லை. மலை நின்ற இடத்தில் சாம்பல் நிறத்தில் மேகம் நின்றது, காற்று புளியம்பூவை அடித்துக்கொண்டு வந்தது, ஊரில் ஒரு கோழிக்குக்கூட நிழல் இல்லை. ஆவுடையப்பன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சணல் சாக்குகளை உதறிப் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினார். உலகம்மாள் தூக்குப் பாத்திரத்தில் சோறும் அவியலும் கட்டிக் கொடுத்தாள். "வழியில எங்கயாவது நிறுத்தி அவளைச் சாப்பிடச் சொல்லுங்க. சாப்பிடும்போது அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கோங்க," என்றாள்.

சம்பந்தியம்மாள் வாசலில் சொளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"உங்க மக போயி எட்டு நாளாச்சு," என்றாள். "காலையில தண்ணிக்குப் போனவ குடத்தைக் குழாயடியிலயே வச்சிட்டுப் போயிட்டா. உங்க வீட்டுக்குத்தான் வந்திருப்பான்னு இருக்கோம். அங்க வரலையா?"

"வரல," என்றார் ஆவுடையப்பன். "ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"நீங்க போட்டியளா?"

சாமான்களை ஏற்கெனவே தொழுவத்தில் கொண்டுபோய் அடுக்கியிருந்தார்கள். கட்டிலைப் பிரித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்து பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். ஆவுடையப்பன் அவன் கையைப் பார்த்தார். நகம் வெட்டின, சுத்தமான, சின்னக் கை. இந்தக் கைதான் என்று நினைத்தார். பீரோவை வண்டிக்குள் தள்ளும்போது அந்தக் கை தகரத்துக்கும் பீரோவுக்கும் நடுவில் வந்தது, அவர், "பாத்து மாப்பிள்ளை, விரல் நசுங்கிரப்போவுது," என்றார். தன் வாயிலிருந்து அது வந்ததை அவரே கேட்டார். மனிதனுக்கு உடம்பெல்லாம் ஒரே நேரத்தில் கூசும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, தவலைக்கும் தவலைக்கும் நடுவில், சத்தம் வராமல் இருக்கத் திணித்தார். பதினான்கு வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது.

திரும்பி வரும் வழியில், வண்டி ஓட்ட ஆரம்பித்த காலத்திலிருந்து முதல்முறையாக, அவர் அடிக்கடி தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். சோற்றுப் பாத்திரம் பக்கத்து சீட்டில் இருந்தது. ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் நிறுத்தி இறங்கிக் கேட்டார்: மாநிறம், இருபத்தொரு வயசு, இடது புருவத்தில் ஒரு தழும்பு. நேற்றாயிருந்தாலும் சொல்லலாம், எட்டு நாள் ஆச்சு என்றால் எப்படிச் சொல்ல என்று கேட்டார்கள். அவர் வண்டியில் ஏறினார். மேகம் கூடவே வந்தது. அவர் கேட்ட மேகம் அது, கேட்டபடியே கனமாக, ஒரு பொத்தல் இல்லாமல், ஆலடிச்செவல் எல்லைக் கல் வரை வந்தது.

மில் மதில் ஆரம்பிக்கிற இடத்தில் காற்று மாறியது. மேகம் மேற்கே ஒரு கதவு அளவுக்குத் திறந்து, நாலு மணி வெயில் அந்தத் தெருவில் மட்டும் இறங்கியது. மதிலில் கட்டில் விழுந்தது, பீரோ விழுந்தது.

குழாயடியில் நின்றவள் பழக்கத்தில் சொல்ல ஆரம்பித்தாள். "கட்டில் வந்துட்டு. பீரோ வந்துட்டு. தவலை நாலு, நாலும் வந்துட்டு. விளக்கு வந்துட்டு." அதற்கு மேல் அவள் வாய் திறந்தபடியே நின்றது. பீரோவுக்கும் தவலைக்கும் நடுவில், ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருகிற அளவு இடத்தில், மதில் வெறும் சுண்ணாம்பாக, வெள்ளையாக, வெயிலோடு நகர்ந்துகொண்டிருந்தது. அத்தனை நாளும் எத்தனையோ பெண்கள் அந்த மதிலில் விழுந்திருக்கிறார்கள். அன்றைக்கு வந்தது மாதிரி ஒன்றை ஊர் பார்த்ததில்லை. டீக்கடையில் எழுந்து நின்றார்கள். பூரணம் மில்லை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

உலகம்மாள் முந்தானையில் புகையிலைத் தூளோடு தெருமுனையிலிருந்து வந்தாள். அவள் வண்டியைப் பார்க்கவில்லை, மதிலைத்தான் பார்த்தாள். நிழலோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்து, பீரோவுக்கும் தவலைக்கும் நடுவில் இருந்த அந்த வெள்ளையில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள், கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தட்டுப்படுமோ என்பது போல. ஆவுடையப்பன் வேகமாக ஓட்டிப் போயிருக்கலாம். அந்த மதிலை அரை நிமிஷத்தில் தாண்டிவிடலாம். அவர் முதல் கியரில், அவள் நடை எவ்வளவோ அவ்வளவில் ஓட்டினார், ஊர் முழுவதும் பார்க்க, மதிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. அன்று அவர் செய்தது அது ஒன்றுதான். மதில் முடிந்து நிழல் முள்ளுக்காட்டில் விழுந்து சிதறியதும் அவள் நின்றாள். அவரும் நிறுத்தினார். அவள் டிரைவர் பக்கத்துக் கதவண்டை வந்தாள், உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு.

"எங்க?"

"போயிட்டா."

"எப்ப?"

"எட்டு நாளாச்சாம்."

உலகம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அழாமல், கத்தாமல், ஒரு விவரம் கேட்கிற மாதிரி கேட்டாள்: "எட்டு நாளைக்கு முந்தி வெயிலா, மேகமா?"

"வெயிலு," என்றார்.

ஐப்பசி வரை அவர் பிளஷர் வேனிலேயே தேடினார். சாத்தூர், விருதுநகர், மதுரை, திண்டுக்கல் என்று போன ஊரிலெல்லாம் வெயிலோ மேகமோ பார்க்காமல் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டார். கார்த்திகையில் ஒரு கடிதம் வந்தது, அவருக்கு வரவில்லை, உலகம்மாளுக்கும் வரவில்லை. மாவு மில், பஞ்சு மில் மதில் எதிரில் என்று முகவரி போட்டுப் பூரணத்துக்கு வந்தது. நல்லா இருக்கேன், அம்மாவை மட்டும் அனுப்புங்க என்று எழுதியிருந்தது. பூரணம் அதைப் படித்துக் காட்டிவிட்டு உலகம்மாள் கையில் கொடுத்தாள். ஆவுடையப்பன் வாசலுக்கு வெளியே நின்று கேட்டார். அம்மாவை மட்டும் என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்லவில்லை. ஒரு தடவையிலேயே கேட்டிருந்தது.

குழல்வாய்மொழி மதுரையில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் பொறுப்பில் இருக்கிறாள். நாற்பது பேருக்கு இரண்டு வேளை சாப்பாடு. அவளுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. உலகம்மாள் வருடத்துக்கு இரண்டு முறை போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறாள், ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கி வந்து ஏற்றிவிடுகிறார். மொழி ஆலடிச்செவலுக்கு வந்ததில்லை.